பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை: புது பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன்

காலையில் டிரைவர் தம்பி போன் அடித்து, "அண்ணே, வண்டி எடுக்கல" என்றால் உடனே பேட்டரிக் கடைக்கு ஆள் அனுப்பாதீர்கள். "செல்ஃப் அடிக்குதா? என்ன சத்தம் வருது?" என்று கேளுங்கள். பதிலிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

சிங்கப்பூரில் கம்பெனி வண்டியாக ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன் பிக்கப், பத்தடி லாரி எல்லாம் பெரும்பாலும் டீசல். கீழே சொல்வது 12 வோல்ட் டீசல் வண்டிக்கு. பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். அதிலிருந்து பிக்கப்புக்கு ஜம்ப் கொடுத்தால், அதாவது கேபிள் மாட்டிக் கரண்ட் கடன் கொடுத்தால், பிக்கப்பின் கம்ப்யூட்டரே போய்விடும். அவசரத்தில் இது நடக்கக்கூடியதுதான்.

சாவியைத் திருப்பியதும் "டக்டக்டக்" என்று வேகமாகத் தட்டினால், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டு (அதன் மேலுள்ள மின்காந்த ஸ்விட்ச்) இழுக்கிறது, இழுத்ததும் வோல்ட் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது வயர் கரண்டைக் கடத்தவில்லை. கனமாக ஒரே ஒரு "டக்" கேட்டு அதோடு நின்றால், சோலனாய்டின் செப்புக் காண்டாக்ட் அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் மீது சந்தேகம். "விர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், மோட்டார் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியன், எஞ்சினின் பெரிய பல் சக்கரத்தைப் பிடிக்கவில்லை. சத்தமே இல்லையென்றால் ஸ்டார்ட் சிக்னலே மோட்டாருக்குப் போகவில்லை. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால் பேட்டரியை விட்டுவிடுங்கள், அது டீசல் சமாச்சாரம்.

பேட்டரியை அளக்க இருபது வெள்ளி மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. ஆனால் நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. 12.5 காட்டும் பேட்டரி, சாவியைத் திருப்பியதும் 7க்கு விழுந்தால் உள்ளே செல் போய்விட்டது. இந்த ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருடம் தாங்கினாலே நல்ல பேட்டரிதான். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். 12.5லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி போட்டாலும் ஒரே நாளில் அதே கதை.

பேட்டரியும் நல்லது, சார்ஜும் ஏறுகிறது, ஆனாலும் எஞ்சின் முக்கி முக்கிச் சுற்றுகிறது என்றால் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் செல்ஃப் மோட்டாரை மாற்றிக் காசைக் கரைப்பார்கள். முதலில் கேபிளைப் பாருங்கள். டீசல் எஞ்சினைச் சுற்ற 200, 300 ஆம்பியர் ஓடும். டெர்மினலில் பச்சைப் பொடி பூத்து, 0.005 ஓம் தடை சேர்ந்தாலே 200 ஆம்பியரில் 1 வோல்ட் அங்கேயே தின்றுபோகும். மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு சின்னத் தடை தெரியாது. பத்து இழையில் ஒன்பது அறுந்த கேபிள்கூட மீட்டருக்கு நல்ல கேபிளாகத்தான் தெரியும். ஏனென்றால் மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு கம்மி. ஆகவே கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும்.

செய்முறை சுலபம். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தின் மீது. கிளாம்ப்பின் மீது வைக்காதீர்கள், ஈயக் கம்பத்தையே தொட வேண்டும். சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத போல்ட்டில். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் எண்ணைப் பார்க்கட்டும். 0.2, 0.3 என்றால் சரி. 0.5ஐத் தாண்டினால் எர்த் வயர் குற்றவாளி. பிறகு பேட்டரியின் பிளஸ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கு இதே சோதனை. அங்கே 0.5க்குள் இருக்கவேண்டும். மணல், சிமெண்ட், கடல் காற்று என்று எல்லாம் பார்த்த சைட் வண்டிகளில் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஓடும் பின்னல் எர்த் பட்டைதான் முதலில் அழுகும். கழற்றி இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்துத் திருகினாலே பல வண்டி எழுந்து நிற்கும். புதுப் பட்டை வாங்கினாலும் புது மோட்டாரின் விலைக்கு அது ஒன்றுமே இல்லை.

வயர் எல்லாம் சரி, ஆனாலும் ஒற்றை "டக்" மட்டும் என்றால், டென்சோ கியர் வகை செல்ஃப் மோட்டாரில் சோலனாய்டுக்குள் இருக்கும் இரண்டு செப்புக் காண்டாக்ட்டும் அவற்றை இணைக்கும் தட்டு வைத்த பிளஞ்சரும் (உள்ளே இழுபடும் தண்டு) தேய்ந்திருக்கும். பத்துத் தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கும் வண்டிகளின் அடையாளம் இதுதான். மோட்டார் முழுதையும் மாற்றத் தேவையில்லை. இரண்டு காண்டாக்ட், பிளஞ்சர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் ஒத்துவராமல் ஒரு பக்கம் மட்டும் தொட்டுக் கருகும். மோட்டாரின் உடம்பில் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டியதும் வண்டி எடுத்தால் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அந்தத் தட்டல் வொர்க்ஷாப் போய்ச் சேரும்வரை மட்டுமே உதவும்.

சத்தமே இல்லாத வண்டிக்கு, ஆட்டோ கியர் என்றால் பி-யிலிருந்து என்-னுக்கு மாற்றிப் பாருங்கள். கையால் போடும் கியர் என்றால் கிளட்ச்சை அடிவரை மிதியுங்கள், மிதிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்ச்தான் பெரும்பாலும் தகராறு. அடுத்து ஃபியூஸ், ரிலே. சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது சோலனாய்டின் மெல்லிய வயரில் பேட்டரி வோல்ட் வந்தால் கோளாறு மோட்டாரில், வராவிட்டால் அதற்கு முன்னால்.

ஜம்ப் கொடுக்கும் கேபிள் குறைந்தது 25 சதுர மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். மலிவு விலைக் கேபிளில் பிளாஸ்டிக்தான் தடிமன், உள்ளே செம்பு நூல் போல. சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, பிறகு உதவி வண்டியின் பிளஸ். கருப்பை உதவி வண்டியின் மைனஸில், கடைசி முனையை உங்கள் எஞ்சினின் வெறும் உலோகத்தில். பேட்டரி அருகே தீப்பொறி வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. உதவி வண்டியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், அடிக்கு அடி ஒரு நிமிடம் விடுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பிகளை இறக்கித் தள்ள வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இப்போதைய டீசல் வண்டிகளில் இருப்பது காமன் ரயில் எஞ்சின், அதாவது ஒரே அழுத்தக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் டீசல் விடும் வகை. பேட்டரி செத்தால் அந்தக் கம்ப்யூட்டரே விழிக்காது, தள்ளி என்ன பயன்?

சீனப் புத்தாண்டு லீவு முடிந்து எடுக்கும்போது மட்டும் மக்கர் செய்யும் வண்டி என்றால், நிறுத்திய பிறகும் ஏதோ ஒன்று கரண்ட் இழுக்கிறது. மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவே ஆம்பியர் மீட்டர் வைத்து, வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருக்கவேண்டும். டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர் எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகும். 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றே நாளில் பாதி காலி.

இனி டீசல். எஞ்சின் சுற்றும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்க, மாடிக் கார்பார்க்கின் சாய்வில் மூக்கை மேலே வைத்து நிறுத்திய வண்டி காற்றை இழுத்திருக்கலாம். ஃபில்டரின் தலையில் இருக்கும் கைப்பம்பை அது இறுகும்வரை அடியுங்கள். இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று புகுகிறது. ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். சாலையோரச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போகும் மழைநீர் வடிகால். ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் மீது பழிபோடுவது குளிர்நாட்டுப் பழக்கம். நம் ஊர் அதிகாலையிலும் 24 டிகிரி, ஒரு பிளக் செத்ததற்காக வண்டி படுத்துவிடாது.

பழைய மெக்கானிக்குகள், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்ப்பார்கள். மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு அது சரி. காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது, அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ரயில் அழுத்தத்தைப் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறினாலும் 20 மெகாபாஸ்கலை ஒட்டியாவது ஏறாவிட்டால் இன்ஜெக்டரைத் திறக்க கம்ப்யூட்டர் விடாது. ஏறாத காரணம் அடைத்த ஃபில்டராக இருக்கலாம், பம்பின் மீதுள்ள கட்டுப்பாட்டு வால்வாக இருக்கலாம், கசியும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டுச் சுற்றினால், எந்தப் பாட்டில் மற்றதைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் ஆள். நான்கையும் மாற்றச் சொல்லும் கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆட்ப்ளூ (புகையைச் சுத்தமாக்க ஊற்றும் திரவம்) டேங்க் உள்ள சின்ன டீசல் வண்டி என்றால் டேஷ்போர்டைப் படியுங்கள். ஆட்ப்ளூ தீரும்போது, இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது என்று எண்ணிக் காட்டிக்கொண்டே வந்து, பூஜ்யத்தில் நிறுத்தினால் பிறகு எடுக்காது. கோளாறு எதுவும் இருக்காது, பத்து லிட்டர் ஊற்றினால் ஓடும்.

எக்ஸ்பிரஸ்வேயில் நின்றுவிட்டால் இதில் எதையும் ஓரத்தில் நின்று செய்யாதீர்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டு, எல்லாரையும் தடுப்புக்கு அப்பால் நிற்கவைத்துவிட்டுக் காத்திருங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஈமாஸ் மீட்பு வண்டி அருகிலுள்ள கார்பார்க்குக்குக் காசில்லாமல் இழுத்துப்போகும். அங்கே போன பிறகு மீட்டரை எடுங்கள்.