26 கிராம் சீனி, 34.6 டிகிரி

பி.எஸ்ஸி. லேபில் போலாரிமீட்டருக்கு (கரைசல் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) எந்த அளவிலும் கரைசல் போடலாம். ஆனால் முதல் கரைசல் 26 கிராமில் இருக்கட்டும். சர்க்கரை ஆலைகளின் சர்வதேச அளவு அது. 26 கிராம் தூய சுக்ரோஸை, அதாவது சீனியை, கரைத்து 100 மி.லி. ஆக்கி 20 செ.மீ. குழாயில் ஊற்றினால், 20° வெப்பநிலையில், சோடியம் மஞ்சள் ஒளியின் அதிர்வுத் தளம் 34.6° திரும்பும். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: சர்க்கரை ஆலைகளின் லேபில் கரும்புச் சாற்றுக்கு ‘போல்’ (சாற்றின் சர்க்கரை அளவு) பார்ப்பதும் இந்தச் சுழற்சியை வைத்துத்தான். மதுரை வெயிலில் லேப் 35° இருந்தாலும் சுக்ரோஸின் சுழற்சி பெரிதாக மாறாது.

வெள்ளைச் சீனியே போதும். பனங்கற்கண்டும் நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம், நிறம் ஒளியை விழுங்கிவிடும்.

அதிகம் நடக்கும் தப்பு, 100 மி.லி. தண்ணீரை அளந்து அதில் சீனியைக் கொட்டுவது. கரைசல் 116 மி.லி. ஆகிவிடும், அளவு 30° பக்கம்தான் வரும். 60 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஆறவிட்டு, அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்பி, வடிதாளில் வடிகட்டுங்கள். முதலில் வெறும் காய்ச்சி வடித்த நீரை வைத்துச் சுழி அளவு (பூஜ்ய அளவு) எடுக்க மறக்கக் கூடாது. குழாயின் மூடியை இறுக்கித் திருகினால் முனைக் கண்ணாடியில் தகைவு ஏறி, அதுவே ஒளியைக் குழப்பும். காற்றுக்குமிழியைக் குழாயின் புடைப்புக்குள் ஒதுக்கிவிடுங்கள்.

போலாரிமீட்டர் இல்லாமல் இரண்டு போலராய்டு தாளை வைத்துச் செய்கிறவர்கள் வெள்ளை எல்.இ.டி.யை வைத்து, இரண்டாவது தாளைத் திருப்பி ஒளி அணையும் இருட்டைத் தேடுவார்கள். கிடைக்காது. இதே கரைசலில் சிவப்பு 30°-க்குக் கீழே நிற்க, நீலம் 60°-ஐ ஒட்டிப் போய்விடும். போலராய்டைத் திருப்பத் திருப்ப நிறம்தான் மாறும். வேடிக்கை காட்ட அது அருமை, அளக்க உதவாது. ஒற்றை நிற ஒளியிலும் முழு இருட்டுக்கு அருகே பிரகாசம் மெதுவாகவே மாறுவதால் கண் இரண்டு டிகிரி ஏமாறும். இருட்டுக்கு இரு பக்கமும் ஒரே மங்கல் தெரியும் கோணங்களைக் குறித்து நடுவை எடுங்கள். பார்வையை இரண்டு பாதியாகப் பிரித்து மங்கலை ஒப்பிடவைக்கும் அரைநிழல் கருவி இருந்தால் இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

திசையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒளி நம்மை நோக்கி வரும்படி பார்க்கையில் கடிகாரச் சுற்று என்றால் வலஞ்சுழி. 34.6° வலமா, 145.4° இடமா என்று மாணவர் கேட்டால், நல்ல கேள்வி, இரண்டிலும் இருட்டு ஒரே இடத்தில்தான் வரும். கரைசலைப் பாதியாக நீர்த்துக் காட்டுங்கள்: 17.3°-இல் இருட்டு வந்தால் வலம்.