அக்கா கல்யாண சீடியும் என்னோட நாலு ராத்திரியும்

அம்பாசமுத்திரத்துல இருந்து பெரியம்மா போன். "ஏலே, அக்கா கல்யாண சீடிய போட்டா ஒரே கட்டம் கட்டமா வருது, நடுவுல நின்னுட்டு நகரவே மாட்டேங்கு, நீ கம்ப்யூட்டர்ல எதாவது பண்ணி புதுசா போட்டுத் தாயேன்". எங்க வீட்ல விசிடி, டிவிடி எல்லாமே சீடிதான். அதோட இன்னொரு கண்டிஷன் வேற, மூணு சீடி மாத்தி மாத்திப் போட முடியலையாம், எல்லாத்தையும் ஒண்ணாக்கிடணுமாம். நானும் ஒரு மணி நேர வேலைதானேன்னு சரி பெரியம்மான்னுட்டேன். நாலு ராத்திரி போச்சு.

கல்யாணம் 2007ல. ஸ்டுடியோக்காரர் மூணு டிவிடி குடுத்திருந்தார், ஒவ்வொண்ணு மேலயும் அக்கா அத்தான் போட்டோ போட்ட பேப்பர் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர்தான் முதல் வில்லன். வருஷக்கணக்கா பீரோவுல கிடந்து ஒரு ஓரம் உரிஞ்சு சுருண்டுடுச்சு, டிரைவுக்குள்ள வேகமா சுத்தும்போது எடை ஒரு பக்கமா இழுத்து கடகடன்னு ஒரு சத்தம், மாவு மில்லு மாதிரி. இனிமே யாரும் டிஸ்க் மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, மார்க்கர் பேனாவால எழுதினா போதும். அதோட இதெல்லாம் வீட்ல எழுதற வகை டிஸ்க், உள்ள இருக்கற சாயத்துலதான் டேட்டா நிக்குது, வெயிலும் சூடும் பட்டா சாயம் கெடும். கடையில வர்ற பட டிவிடி ஃபேக்டரில அச்சு அடிச்சு வர்றது, அதுல இந்த சாயமே கிடையாது. (பட டிவிடில பூட்டு போட்டிருப்பாங்க, அந்தக் கதைக்கு நான் வரல. இது நம்ம வீட்டு வீடியோ, பூட்டு ஒண்ணும் கிடையாது.)

டிஸ்க்கைத் திறந்தா வீடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள விஓபி, ஐஎஃப்ஓ, பியூபினு ஃபைல்கள். விஓபிலதான் படமும் சத்தமும், ஐஎஃப்ஓ எது எங்க இருக்குன்னு சொல்ற மேப், பியூபி அந்த மேப்போட காப்பி. ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபிக்கு மேல போகாது, அதனால ஒரே வீடியோவை நாலஞ்சா வெட்டி வச்சிருக்கும். முதல் நாள் நான் இது புரியாம முதல் விஓபிய மட்டும் இழுத்துக் கன்வெர்ட்டர்ல போட்டு, வெளிய வந்த ஃபைல் இருபது நிமிஷத்துல முடிஞ்சு போச்சேன்னு முழிச்சேன், மாப்பிள்ளை அழைப்புல கார் மண்டப வாசலுக்கு வர்றதோட கட். அப்புறம்தான் ஹேண்ட்பிரேக்ங்கற அந்தக் கன்வெர்ட்டர் சாஃப்ட்வேர்ல ஃபைலைக் குடுக்காம அந்த ஃபோல்டரையே குடுக்கணும்னு பிடிபட்டது, அது ஐஎஃப்ஓவைப் படிச்சு மொத்தத்தையும் ஒரே டைட்டிலா காட்டும். கன்வெர்ட்டே வேண்டாம், சும்மா ஒரே ஃபைலா சேர்த்தா போதும்னா மேக்எம்கேவினு இன்னொரு சாஃப்ட்வேர், அது குவாலிட்டில கை வைக்காது.

முதல் ரெண்டு டிஸ்க்கும் ஒழுங்கா காப்பி ஆச்சு. மூணாவதுதான் பாதில நின்னு எரர். மூணாவது டிஸ்க்லதான் மறுவீடு, சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) சாப்பாட்டுப் பந்தி, அதுல ஆச்சி வருவா. ஆச்சி போயி 2011ல இருந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அவ நடந்து பேசற வீடியோ எங்ககிட்ட அது ஒண்ணுதான், அதனால விட மனசு வரல. டிஸ்க்கைப் பாத்திரம் விளக்கற லிக்விட் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, பழைய பனியன் துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா துடைச்சேன், வட்டமா துடைக்கக் கூடாது, வட்டமா விழற கீறல்தான் டிரைவுக்கு ரொம்பக் கஷ்டம். அப்பவும் என் எக்ஸ்டர்னல் டிரைவ் மாட்டேன்னுச்சு. ஃபிரண்டு வீட்ல தூசி படிஞ்சு கிடந்த பழைய டெஸ்க்டாப்ல போட்டா படிக்குது! ஒரு டிரைவ் கைவிட்டாலும் இன்னொரு டிரைவ் படிச்சாலும் படிக்கும், தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு எடத்துல போட்டுப் பாத்துடுங்க. அப்பவும் படிக்காம நின்ன எடத்துக்கு லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூனு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அது படிக்க முடியாத எடத்துல நின்னு மல்லுக்கட்டாது, அதைத் தாண்டிப் போயி மத்ததை எல்லாம் முதல்ல எடுத்துட்டு அப்புறம் திரும்பி வந்து அந்த எடத்தை மட்டும் சுரண்டும். ராத்திரி பூரா ஓட விட்டேன், காலைல பாத்தா பத்துப் பன்னெண்டு செக்டர்தான் மிச்சம், ஒரு செக்டர்னா 2048 பைட், ஒண்ணுமே இல்ல. ஆனா டிவிடி வீடியோல ஒரு ஃபிரேம் கெட்டா அடுத்த முழு ஃபிரேம் வர்ற வரைக்கும், அதாவது ஏறக்குறைய அரை செகண்டு, கட்டம் கட்டமாத்தான் தெரியும். ஆச்சி வாளியோட குனிஞ்சு யாருக்கோ சொதி ஊத்தறா, நிமிரும்போது முகம் அரை செகண்டு கலைஞ்சு மறுபடி சேருது. போதும்.

அடுத்தது கணக்கு. மூணு டிஸ்க்கும் சேர்த்து நாலு மணி நேரம். ஒரு டிஸ்க் 4.7 ஜிபி, விண்டோஸ்ல பாத்தா 4.37னுதான் காட்டும், ரெண்டும் ஒண்ணுதான், எண்ற முறைதான் வேற. இது தெரியாம நான் 4.5க்கு ஃபைல் பண்ணி வச்சு, இடம் இல்லைன்னு வந்ததும் டிஸ்க்கைத் திட்டினேன். 4.7 ஜிபிய பிட்டுல பாத்தா 37,600 மெகாபிட், நாலு மணி நேரம்னா 14,400 செகண்டு, வகுத்தா செகண்டுக்கு 2.6 மெகாபிட். டிவிடில வீடியோ 9.8 வரைக்கும் போகலாம், அதுல 2.6ங்கறது கூழுக்கு ஊத்தற தண்ணி மாதிரி, பட்டுப்புடவை ஜரிகை எல்லாம் மொழுக்குன்னு ஆயிடும். டபுள் லேயர் டிஸ்க்னா 8.5 ஜிபி, விலை அதிகம், பெரியம்மாவோட பிளேயர் அதை மதிக்குமான்னும் சந்தேகம்.

அதனால வெட்ட ஆரம்பிச்சேன். வெட்ட உக்காந்த பிறகுதான் தெரியுது ஸ்டுடியோக்காரர் எவ்வளவு விளையாடியிருக்காருன்னு. தாமரை விரியும், உள்ள இருந்து அத்தான் தலை வரும். மண்டபத்து லைட்டு செட்டு மட்டும் ஆறு நிமிஷம் ஸ்லோ மோஷன்ல. நாதஸ்வரம் வாசிக்கற எடத்துல அந்த சத்தத்தையே எடுத்துட்டு சினிமாப் பாட்டை ஒட்டியிருக்காரு, அதுதான் எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல், அந்த நாதஸ்வரத்தை இனிமே எந்த சாஃப்ட்வேராலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது. ரெண்டு மணி நேரமா சுருக்கினேன். இப்ப கணக்கு 5.2 மெகாபிட், ஆடியோவுக்குக் கொஞ்சம், ஓரத்துல கொஞ்சம் விட்டுட்டு வீடியோவுக்கு 4.8. அருமையா நிக்குது.

ஆனா இந்த எடத்துலதான் பெரிய தப்பைப் பண்ணினேன். முன்னாடியே போன்ல பாக்கறதுக்காக ஒரு எம்பி4 பண்ணி வச்சிருந்தேன், அதையே எடுத்து டிவிடியா மாத்தினேன். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஆயிடுச்சு. எப்பவும் ஒரிஜினல் விஓபில இருந்து ஒரு தடவைதான் மாத்தணும், போனுக்குத் தனியா, டிவிடிக்குத் தனியா. இன்னொரு காரணமும் இருக்கு. அந்தக் காலத்து கேமரா இன்டர்லேஸ்டு, ஒரு ஃபிரேம்ல ஒத்தைப்படை வரி ஒரு நேரத்துல, ரெட்டைப்படை வரி அடுத்த நேரத்துல எடுத்தது. போன்ல அப்படியே பாத்தா கை வீசும்போது சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும், அதனால ஹேண்ட்பிரேக்ல டீஇன்டர்லேஸ் போடணும். டிவிடிக்கு அது வேண்டவே வேண்டாம், டிவிக்கு அதுதான் தாய்மொழி, அப்படியே விட்டா அசைவு வழவழன்னு இருக்கும். ஆனா எந்த வரி முதல்லங்கற செட்டிங்கை மாத்திப் போட்டுட்டா எல்லாரும் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குவாங்க, எனக்குத் தாலி கட்டற எடத்துல அத்தான் கை நடுங்கிச்சு, நான் நிஜமாவே பயத்துல நடுங்கறாருன்னுதான் நெனச்சேன்.

டிஸ்க்கைப் போட்டதும் வர்ற மெனுவுக்கு டிவிடிஸ்டைலர்னு ஒரு சாஃப்ட்வேர். அதுல படத்தோட அகல உயர விகிதத்தை 4:3க்கு பதிலா 16:9னு போட்டதுல படம் அகலமா இழுபட்டு அத்தான் அப்பவே இப்ப இருக்கற சைஸுக்கு வந்துட்டாங்க. 2007ல ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்த மனுஷன். அதையும் திருத்தினேன்.

டிஸ்க் வாங்கப் போனா லூஸ்ல இல்லையாம், 50 டிஸ்க் டப்பாவாத்தான் இருக்காம். சரின்னு வாங்கிட்டேன். முதல் டிஸ்க்கை சும்மா சோதனைக்குன்னு எம்பி4ஐ டேட்டாவா எழுதினேன், பெரியம்மா பிளேயர் சுத்திச் சுத்திப் பாத்துட்டு துப்பிடுச்சு. ரெண்டாவதுல வீடியோ டிஎஸ் ஃபோல்டரை "அக்கா கல்யாணம்"னு இன்னொரு ஃபோல்டருக்குள்ள அழகா வச்சு எழுதியிருந்தேன், அதையும் துப்பிடுச்சு, அந்த ஃபோல்டர் டிஸ்க்குல வெளியவே இருக்கணுமாம், இம்க்பர்ன்னு டிஸ்க் எழுதற சாஃப்ட்வேர்ல எழுதினா தப்பா இருந்தா அதுவே கத்தும். மூணாவது 8எக்ஸ் வேகத்துல எழுதினது, என் லேப்டாப்ல முழுசா ஓடுது, அங்க போனா கடைசி இருபது நிமிஷம் துள்ளுது. டிஸ்க் உள்ள இருந்து வெளிய போயித்தான் எழுதும், ஓரத்துக்குப் போகப் போக வேகம் ஏறும், அந்த ஓரத்துலதான் சொதிப் பந்தி. நாலாவதை 4எக்ஸ்ல வச்சேன், கால் மணி நேரம், கூடவே எழுதினதைச் சரிபாக்கற வெரிஃபையும் போட்டேன்.

நேரா கொண்டுபோயி போட்டுக் குடுத்தேன். பெரியம்மா தாலி கட்டுக்கெல்லாம் சும்மா இருந்தாங்க, பந்தி வந்ததும் ரிமோட்டை வாங்கி நிறுத்திட்டாங்க. ஆச்சி வாளியோட நிக்கறா. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இந்தச் சேலை எங்கிட்டதான்ல இருக்கு" அப்படின்னாங்க. அப்புறம், "அந்தத் தாமரைல இருந்து மாப்பிள்ளை வருவாரே, அதை எங்கல காணும்?"

அதனால பழைய மூணு டிஸ்க்கையும் ஒண்ணும் வெட்டாம, கன்வெர்ட் பண்ணாம, அந்த ஃபோல்டரை அப்படியே புது டிஸ்க்ல எழுதி அதையும் குடுத்துட்டு வந்தேன், அரை நாள் வேலை. டப்பாவுல இன்னும் 43 டிஸ்க் இருக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.