அங்கவடி எலும்பு அசையவில்லை என்று எப்படிக் கண்டறிந்தார்கள்

இடக் காது மந்தமாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்த பிறகும், அது எந்த வகை மந்தம் என்று தெரிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின. நடுக்காதிலிருந்து ஒலியை உள்காதுக்குக் கடத்தும் அங்கவடி என்ற குட்டி எலும்பு இறுகிப்போனதே காரணம் என்பது கடைசியில்தான் தெரிந்தது. வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பிடிபடவில்லை. ஆனால் காரைக்குடியில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில், முகப்பில் நாகசுரமும் தவிலும் முழங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர்கள் பேசியது தெளிவாகவே கேட்டது. சீப்புச் சீடையைக் கடித்தால் அந்தச் சத்தம் தலைக்குள் நிறைந்து எதிரில் இருப்பவரின் பேச்சை அமுக்கிவிடும். என் ஆத்தாவுக்கும் முப்பது வயதை ஒட்டி இதே போலக் காது மந்தமானது என்பதால், குடும்பத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் போன இடம் கேட்புக் கருவி விற்பவர்கள் நடத்திய ஓர் இலவச முகாம். அங்கே காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது கையை உயர்த்தச் சொன்னார்கள். முடிந்ததும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, கருவியின் விலைப்பட்டியலை நீட்டினார்கள். ஹெட்போன் வழியாகச் செய்யும் சோதனை காற்றுவழிக் கேட்டலை மட்டும் அளப்பது. கேட்கவில்லை என்பதை அது சொல்லும். தடை வெளிக்காதிலா, நடுக்காதிலா, உள்காதிலா என்பதை அது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மண்டை எலும்பை அதிரச் செய்து உள்காதை நேரடியாகப் பார்க்கும் எலும்புவழிச் சோதனையைச் செய்யாமல் நரம்பு என்று முடிவு கட்டியது எவ்வளவு பொறுப்பற்ற செயல் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

காரைக்குடியில் நான் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் கருவியால் காதுக்குள் பார்த்தார். அழுக்கு இல்லை, செவிப்பறையில் ஓட்டை இல்லை, உள்ளே நீர் கோத்த அடையாளமும் இல்லை. "ஆச்சி, கூட்டத்தில் நன்றாகக் கேட்கிறதா?" என்று அவர் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. நடுக்காதில் தடை உள்ளவர்களுக்குச் சுற்றுப்புற இரைச்சல் குறைந்து கேட்கும். இரைச்சலில் மற்றவர்கள் குரலை உயர்த்திப் பேசுவார்கள் என்பதால் பேச்சு எடுபடும் என்று அவர் விளக்கினார்.

அடுத்து அவர் எடுத்தது 512 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இசைக்கவை என்ற இருகிளை உலோகக் கருவி. அதைத் தட்டி, அடிப்பகுதியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஊன்றினார். பிறகு கவையின் கிளைகளைக் காதுத் துளைக்கு முன்னால் பிடித்து, எங்கே சத்தம் அதிகம் என்று கேட்டார். நல்ல காதாக இருந்தால் முன்னால் பிடிக்கும்போதுதான் உரக்கக் கேட்க வேண்டும். என் இடக் காதில் எலும்பில் ஊன்றியபோதுதான் உரக்கக் கேட்டது. 1855ஆம் ஆண்டு அடால்ஃப் ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த சோதனை இது. பின்னர் கவையை நெற்றியின் நடுவில் வைத்தார். மந்தமான இடக் காதின் பக்கமே சத்தம் ஒதுங்கியது. நரம்பில் குறை இருந்திருந்தால் நல்ல காதின் பக்கம் போயிருக்கும். ஒரு நிமிடத்திற்குள் முடிந்த இந்த இரண்டு சோதனைகளும் முகாமின் முடிவைத் தலைகீழாக்கிவிட்டன.

எவ்வளவு குறை என்று அளப்பதற்காக மதுரையில் ஆடியாலஜிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார். சத்தம் புகாத சிறு அறையில் உட்கார வைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் மிக மெல்லிய ஒலி எது என்று பார்த்தார்கள். பின்னர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சிறிய அதிர்வுக் கட்டையைப் பட்டையால் அழுத்திப் பொருத்தினார்கள். இங்கேதான் புதியவர்கள் குழம்பிப்போவார்கள். எலும்பில் கொடுக்கும் அதிர்வு மண்டை ஓடு முழுவதும் பரவி இரண்டு உள்காதுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் எட்டிவிடுகிறது; ஆகவே எந்தக் காது பதில் சொல்கிறது என்று பிரித்தறிய, மறு காதில் வளவின் நடுவாசலில் அடைமழை பெய்வது போன்ற இரைச்சலைத் தொடர்ந்து ஓட விடுகிறார்கள். "அக்கா, இரைச்சலை விட்டுவிடுங்கள், பீப் சத்தத்துக்கு மட்டும் பொத்தானை அழுத்துங்கள்" என்று அந்தப் பெண் பொறுமையாகப் பலமுறை சொன்னார். ஊகித்து அழுத்தக் கூடாது, சந்தேகமாக மெல்லக் கேட்டாலும் அழுத்தத் தயங்கக் கூடாது என்பதே அவர் தந்த முழு அறிவுரை.

வரைபடத்தில் இடக் காதின் காற்றுவழிக் கோடு 55 டெசிபல் அளவிலும், எலும்புவழிக் கோடு 15 டெசிபல் அளவிலும் இருந்தன. எண் கூடக் கூடக் குறையும் கூடுதல் என்று பொருள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே நடுக்காதுத் தடையின் அளவு. 2000 ஹெர்ட்ஸில் மட்டும் எலும்புவழிக் கோடு 30 டெசிபல் வரை இறங்கியிருந்ததைக் கண்டு நான் பயந்தேன். ரேமண்ட் கார்ஹார்ட் என்ற அமெரிக்க ஆடியாலஜிஸ்ட் 1950ஆம் ஆண்டு விவரித்த பள்ளம் இது. அங்கவடி எலும்பு இறுகிப்போனதால் ஒலி கடத்தும் விதம் மாறுவதாலேயே இது தோன்றுகிறது, உள்காது உண்மையில் அந்த அளவு கெட்டுவிட்டது என்று பொருளில்லை என்றார்கள். சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையிலும், ஒலியைப் போதுமான அளவு கூட்டியபோது ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது, நான் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்த டிம்பனோமெட்ரி. மென்மையான ரப்பர் முனையைக் காதில் அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தை மெல்ல மாற்றிக்கொண்டே 226 ஹெர்ட்ஸ் ஒலி எவ்வளவு திரும்பி வருகிறது என்று கருவி பார்க்கிறது. விமானம் இறங்கும்போது உண்டாகும் அடைப்பு போன்ற உணர்வு தவிர வலி ஏதும் இல்லை. நடுக்காதில் நீர் இருந்தால் கோடு தட்டையாக வரும். நடுக்காதின் குட்டி எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தால் கோட்டின் சிகரம் மிக உயரமாக எழும். எனக்குச் சிகரம் சரியான அழுத்தத்தில்தான் இருந்தது, ஆனால் குட்டையாக இருந்தது; உள்ளே அசைவு குறைந்திருப்பதன் அடையாளம் அது. தொடர்ந்து உரத்த ஒலி கொடுத்து, அங்கவடி எலும்பை இழுக்கும் குட்டித் தசை சுருங்குகிறதா என்று பார்த்தார்கள். எந்த அசைவும் பதிவாகவில்லை. ஒன்றும் பதிவாகாததையே முக்கியமான சான்றாக எடுத்துக்கொண்டார்கள். உள்காதின் மேல் அரைவட்டக் குழாயின் எலும்பு மெலிந்து திறந்திருந்தாலும் வரைபடத்தில் இதே போன்ற இடைவெளி வருமாம், ஆனால் அங்கே தசையின் சுருக்கம் பெரும்பாலும் இருக்கும். தசைச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அறுவை அறைக்குப் போவது கூடாது என்று மருத்துவர் அழுத்தமாகச் சொன்னதற்கு இதுவே காரணம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஓட்டோஸ்க்லீரோசிஸ் என்றார்: சுமார் 3 மில்லிமீட்டரே உள்ள அங்கவடி எலும்பின் அடித்தட்டைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து அதை இறுக்கிவிடும் நோய். பரம்பரையாக வரக்கூடியது, பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. சிடி ஸ்கேன் உடனே வேண்டாம் என்றார். மிக மெல்லிய அடுக்குகளாக எடுத்தாலும் ஆரம்பக் கட்டத்தில் ஸ்கேனில் தெரியாமல் போகலாம், கதிர்வீச்சும் உண்டு, அறுவை செய்வதென்று முடிவானால் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அசையாத எலும்பை நூற்றுக்கு நூறு உறுதி செய்வது, அறுவையின்போது அதைத் தொட்டுப் பார்க்கும் கணத்தில்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

உள்காது நன்றாக இருப்பதால் கருவியும் எனக்கு நன்றாகவே உதவும் என்று சொன்னதால், இப்போதைக்கு அதையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். முகாமில் காட்டிய மாதிரியை வாங்கவில்லை. எலும்புவழி அளவுகளையும் பார்த்து அமைத்துத் தந்த கருவியை வாங்கினேன். அடுத்த வரைபடத்தோடு ஒப்பிட்டால்தான் நோய் நகரும் வேகம் தெரியும் என்பதால், பழைய வரைபடத்தையும் டிம்பனோமெட்ரி தாளையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு இப்போது குறை ஏதும் இல்லை. ஆனாலும் விடுமுறைக்கு வரும்போது அவளையும் இசைக்கவைச் சோதனைக்கு அழைத்துவரச் சொல்லியிருக்கிறார் காரைக்குடி மருத்துவர்.