நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் நம் சுபாவமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் அதிகம் பேசாத பிள்ளையை 'வாயில்லாப் பூச்சி' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அப்படிப்பட்டவர்களின் வாயில்தான் புளிப்புக்கு எச்சில் கூடுதலாக ஊறுகிறது. உளவியலாளர்கள் ஹான்ஸ் ஐசெங்கும் சிபில் ஐசெங்கும் 1967-இல் 50 ஆண்கள், 50 பெண்களின் நாக்கில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, 20 விநாடியில் ஊறிய எச்சிலைப் பஞ்சால் ஒற்றி எடை பார்த்தார்கள். கலகலப்பில்லாமல் தனக்குள்ளேயே இருக்கும் உள்ளொடுங்கிய சுபாவத்துக்கும் எச்சில் அளவுக்கும் அவர்கள் கண்ட தொடர்பு 0.71 (முழுத் தொடர்பு என்றால் 1). மனித சுபாவத்தை அளக்கும் ஆய்வுகளில் இது அபூர்வமான உயரம். பின்னால் செய்தவர்களுக்கு இவ்வளவு கிடைக்கவில்லை என்றாலும் போக்கு பெரும்பாலும் அதேதான்.

வீட்டிலேயே செய்யலாம். காது குடையும் பஞ்சுக் குச்சியின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். சமமாக நிற்கும்வரை முடிச்சை நகர்த்துங்கள். எச்சிலை விழுங்கிவிட்டு, ஒரு முனையை நாக்கில் 20 விநாடி வையுங்கள். பிறகு நாலு சொட்டுச் சாறு நாக்கில் விட்டு, அதை விழுங்கிய பின் மறுமுனையை அதே இடத்தில் 20 விநாடி. மறுபடி தொங்கவிட்டால், உள்ளொடுங்கியவருக்குச் சாற்றுக்குப் பிந்திய முனை நன்றாகத் தாழும். கலகலப்பானவருக்குக் குச்சி ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும்.

சோதனை கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். சாற்றை விழுங்காமல் பஞ்சை வைத்தால், பஞ்சு உறிஞ்சுவது எச்சிலை அல்ல, சாற்றை. தாள் தண்டுக் குச்சி ஈரத்தை உள்ளே இழுத்து நடுப்புள்ளியை மாற்றிவிடும். பிளாஸ்டிக் தண்டுதான் சரி. கஸ்தூரி எலுமிச்சை நம்மிடம் தாராளமாகக் கிடைக்கிறது. அதையே பயன்படுத்தலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே கிண்ணத்துச் சாறு, ஒரே சொட்டுக்குழாய். சளி, அலர்ஜி மாத்திரை சாப்பிட்டவரின் வாய் உலர்ந்திருக்கும். அவரை விட்டுவிடுங்கள். பல் துலக்கிய கையோடும் தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) குடித்த கையோடும் செய்யக்கூடாது. மிக முக்கியம், நேரம். காலையில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், பகல் ஏற ஏற மங்கும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்க, கிளம்பும் வேளைதான் இதற்கு ஏற்றது.

காரணமாக ஐசெங்க் சொன்னது மூளைத்தண்டிலிருந்து மேலே போகும் விழிப்பூட்டும் நரம்பு வலையை. உள்ளொடுங்கியவர்களுக்கு அது எப்போதுமே கூடுதல் விழிப்பில் இருக்கிறது என்றார். சும்மா இருக்கும்போது இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை, தூண்டல் வரும்போதுதான் வேறுபடுகிறார்கள் என்பது பின்னால் வந்த திருத்தம். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது.

காரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. சிலி பாடி என்னும் காரமான குட்டி மிளகாயைக் கடித்துத் தின்பவருக்கு நாக்கு மரத்துப்போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பைர்ன்ஸ், ஹேய்ஸ் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பரபரப்பைத் தேடும் சுபாவத்தோடு காரத்தின் மீதான விருப்பம் சேர்ந்தே வந்தது. எரிச்சல் அவர்களுக்கும் உண்டு, அது பிடித்திருக்கிறது.

சத்தத்தில்தான் எலுமிச்சைக் கதை தொடர்கிறது, வீட்டுக்கு அதிகம் பயன்படுவதும் இதுதான். 1984-இல் ரஸ்ஸல் கீன் என்ற உளவியலாளர், கற்கும் வேலை கொடுத்துப் பின்னணி இரைச்சலின் அளவை மாணவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். உள்ளொடுங்கியவர்கள் குறைந்த சத்தத்தை எடுத்தார்கள், மற்றவர்கள் கூடுதலாக. அவரவர் அளவில் இரு சாராரும் ஒரே மாதிரி நன்றாகக் கற்றார்கள். அளவை மாற்றிக் கொடுத்தபோது இரு பக்கமும் சறுக்கியது.

தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டில் சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டு ரேடியோ நம் வீட்டிலும் பாடும். எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒருவருக்கு அந்தப் பாட்டு துணை, இன்னொருவருக்குத் தொல்லை. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்காதீர்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்குப் பின்கட்டையோ, எல்லாரும் எழுவதற்கு முந்திய விடியற்காலையையோ கொடுங்கள்.