பனங்காணி பற்றியபோது எங்கள் ஒழுங்கை

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் ஆடி, ஆவணியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டால் பனங்காணியோரம் குடியிருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மழை இருக்காது. மரத்தோடு தொங்குகிற காவோலையெல்லாம், அதாவது பழுத்த ஓலையெல்லாம், முறுகக் காய்ந்திருக்கும். போன ஆடியில் குடத்தனையில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்குப் பின்னாலிருந்த பனங்காணியில் நெருப்புப் பிடித்தது. குப்பைக்கு வைத்த நெருப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

பனை எரிகிற விதம் வேறு. அடிமரம் லேசில் எரியாது. நிலத்துச் சருகில் பிடித்தது வடலிக்கு, அதாவது இளம் பனைக்குத் தாவும். வடலிக்கு ஓலை நிலத்தோடேயே இருப்பதால் அதன் வழியாகப் பெரிய மரத்துக் காவோலைக்கு ஏறிவிடும். பிறகு எரிகிற ஓலைத்துண்டு காற்றில் பறந்து எங்கோ தள்ளிப்போய் விழும். ஒருகாலத்தில் பனையேறிக் கள்ளிறக்கும் சீவல் தொழில் செய்த ஐயா ஒருவர்தான் எங்களை நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்தி வைத்தார்.

"எரியிற இடத்தைப் பார்க்காதேங்கோ தம்பிமார். காத்து போற பக்கம் போய் நில்லுங்கோ."

பாதிப்பேர் காற்றுக்குக் கீழே இருந்த வீட்டுக் கூரைகளில் ஏறி, ஈரச் சாக்கோடு காவல் இருந்தோம். அன்று அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

தீயணைப்புக்கான 110 இலக்கத்துக்கு உடனேயே அழைத்திருந்தோம். ஆனால் யாழ்ப்பாண நகரம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டி வந்து சேரும்வரை நாங்கள்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷின்களை லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கிணறு வற்ற வற்ற, அது ஊறுமட்டும் அடுத்த வளவுக்குக் குழாயை இழுத்தோம். பெண்கள் சாக்கு நனைத்துத் தந்தார்கள், வேப்பங்குழை முறித்துத் தந்தார்கள். நடக்க மாட்டாத ஆச்சி ஒருவரைக் கதிரையோடு தூக்கிப்போய்த் தேவாலயத்தில் இருத்தினார்கள்.

எனக்கு மறக்காதது வேலிதான். ஓலை வேலி என்றால் நெருப்புக்குப் போட்டுக் கொடுத்த பாதை. காணியில் தொடங்கி வீட்டு அடுப்படிவரை கொண்டுவந்து விட்டுவிடும். அதை வெட்டாமல் வழியில்லை. எங்கள் பக்கத்தில் வேலி எல்லைக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், ஒரு கதியாலை, அந்த வேலித் தடியைத் தள்ளி நட்டதற்குப் பேச்சை விட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பேச்சில்லாத இரண்டு வீட்டுக்காரர்கள், ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே வேலியைக் கத்தியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். கட்டு அறுக்க, ஓலையை மற்றவர் இழுத்து எறிய, ஒரு சொல் பேசவில்லை. வெட்டிய இடத்தோடு நெருப்பு நின்றுவிட்டது. பொழுதுபட தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைத்தது.

ஆனாலும் ஒரு வீடு போய்விட்டது. கணவர் இல்லாத அக்கா ஒருவரின் ஓலைக் கொட்டில். சட்டிபானை, உடுப்பு எல்லாம் ஒழுங்கைச் சனம் அன்றிரவே சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். கஷ்டம் கடதாசிகளில்தான் இருந்தது. அடையாள அட்டை எரிந்துவிட்டால் முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதி எடுக்க வேண்டும். பிறகு பதிவு செய்த ஸ்டூடியோவில் படம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கிராம அலுவலர் உறுதிப்படுத்திய விண்ணப்பம், அதற்குப் பிறகு பிரதேச செயலகம். ஒரு பிள்ளை படிவங்களை நிரப்பிக் கொடுத்தாள். ஓட்டோ வைத்திருக்கிற அண்ணை காசு வாங்காமல் ஏற்றி இறக்கினார். தனியாகப் போயிருந்தால் பாதியில் விட்டிருப்பேன் என்று அக்கா சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நிவாரணம் கொடுப்பவர்கள் அரிசி, பருப்போடு இப்படிக் கூடப்போக ஒரு ஆளையும் கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

மாரி மழைக்குப் பிறகு, குருத்துக் கருகாத பனைகள் ஓலை விட்டிருக்கின்றன. வருகிற வைகாசிக்குள் வீட்டோரத்து மரங்களில் காவோலை கழிக்கவும் வடலிகளுக்குக் கீழே சருகு கூட்டவும் ஆள் பேசியிருக்கிறோம். கூலியை ஒழுங்கை முழுவதும் பங்கிட்டுக் கொடுக்கிறோம். மரம் இல்லாத வீடுகளும் பங்கு தருகின்றன.