ரூட் போட்டும் போகாத பிங்

தூரத்து நெட்வொர்க்குகளை இணையம் வழியே டனல் (சுரங்கப்பாதை) போட்டு இணைக்கும் ஓபன்விபிஎன் சர்வர் ஒன்று, அதில் இரண்டு கிளையண்டுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு லேன் (உள்ளூர் நெட்வொர்க்). இந்தப் பக்கம் 192.168.10.0, அந்தப் பக்கம் 192.168.20.0, நடுவில் டனலுக்கு 10.8.0.0. எல்லாமே /24, அதாவது முதல் மூன்று எண்களும் நெட்வொர்க்கைக் குறிக்கும். இரு கிளையண்டுகளும் ஒன்றையொன்று பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தன. அவற்றின் பின்னால் இருந்த கணினிகளுக்குள் மட்டும் பேச்சுவார்த்தையே இல்லை.

சர்வர், இரு கிளையண்டுகள் என மூன்று பெட்டிகளிலும் ஐபி ஃபார்வர்டிங் (பிறருக்கான பாக்கெட்டை வாங்கி முன்னே அனுப்பும் வசதி) ஆன். ஃபயர்வாலும் வழிவிட்டிருந்தது. சர்வர் கோப்பில் இரண்டு லேனுக்கும் ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி) வரி எழுதியிருந்தேன், கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரூட்டிங் டேபிளிலும் அவை இருந்தன. அப்புறம் என்னதான் குறை?

பாக்கெட்டுகளின் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினேன். முதல் கிளையண்டின் டன் இடைமுகத்தில் (டனலின் வாசல்) பாக்கெட் வெளியே போகிறது, சர்வரின் டன் இடைமுகத்தில் அதன் சுவடே இல்லை. லாகில் எவ்வளவு விவரம் எழுதுவது என்று சொல்லும் வெர்ப் அளவை 4-க்கு ஏற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: 'பேட் சோர்ஸ் அட்ரஸ்' (அனுப்பியவர் முகவரி சரியில்லை), பாக்கெட் டிராப். முதல் லேனில் இருந்த கணினியின் 192.168.10.5 என்ற முகவரி எந்தக் கிளையண்டுக்குச் சொந்தம் என்று ஓபன்விபிஎன்னுக்கு யாரும் சொல்லவில்லை. ரூட் வரி, பாக்கெட்டை டனலுக்குள் தள்ளு என்று கெர்னலுக்குச் சொல்வதோடு சரி. உள்ளே போனபின் எந்தக் கிளையண்டிடம் கொடுப்பது என்பதற்கு ஐரூட் வேண்டும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். வேறு பெயர் வைத்திருக்கலாம்!

ஐரூட்டை சிசிடி (கிளையண்டுகளுக்கான தனி அமைப்புகள் இருக்கும்) அடைவில், கிளையண்டுக்கு ஒரு கோப்பாக எழுத வேண்டும். எழுதினேன், ஆனாலும் அதே பிழை. கோப்பின் பெயர் கிளையண்டின் சான்றிதழில் உள்ள பெயராகவே (காமன் நேம்) இருக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் கடைசியில் '.கான்ஃப்' ஒட்டியிருந்தேன். சர்வர் அதைச் சீண்டவே இல்லை, குறை சொல்லவும் இல்லை. அரை நாள் போயிற்று.

அதைச் சரிசெய்ததும் பாக்கெட் எதிர் லேனில் உள்ள 192.168.20.5 கணினி வரை போய்ச் சேர்ந்தது, பதில்தான் வரவில்லை. அந்தக் கணினியின் டிஃபால்ட் கேட்வே (தனி வழி தெரியாதவற்றை அனுப்பும் இடம்) விபிஎன் பெட்டியான கிளையண்ட் அல்ல, ரௌட்டர். 192.168.10.0-க்கான பதிலை அந்த ரௌட்டர் இணையத்தின் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. இரு பக்க ரௌட்டர்களிலும் எதிர் லேனுக்கு, அங்குள்ள விபிஎன் பெட்டியைக் காட்டி ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) போட்டேன்.

முதல் பதில் டிடிஎல் (ஒவ்வோர் இடம் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) 60 என்று வந்தது. 64-இல் கிளம்பி ரௌட்டர், கிளையண்ட், சர்வர், கிளையண்ட் என்று நாலு இடம் தாண்டி வந்திருக்கிறது, கணக்கு சரி.