சிவப்புக் குஞ்சு கலைத்துப் போட்ட கணக்கு

என்னிடம் பறந்த பந்தயப் புறாக்களில் சிறந்தது, கால் வளைய எண் 41 என்று முடியும் நீலப் பட்டை ஆண். எதிர்க்காற்று வீசும் நாளில்தான் அதன் அருமை தெரியும். அந்த ரத்தம் கலைந்து போய்விடக் கூடாது என்று அதன் மகளையே அதற்கு ஜோடி சேர்த்தேன். அடுத்த பருவத்தில், அதில் பிறந்த பெண்ணையும் அதற்கே சேர்த்தேன். கொஞ்சம் பேராசைதான்.

முதல் பருவம் ஏமாற்றவில்லை. 10 முட்டையில் 7 பொரிந்தன. எல்லாம் ஒரே அச்சு: அதே தலை, அதே கண், கையில் பிடித்தால் அதே உடம்பு. அப்பாவுக்கும் மகளுக்கும் பிறக்கும் குஞ்சின் உட்கலப்புக் கெழு 25 சதவீதம். அதாவது, ஏதாவது ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டால், குஞ்சிடம் உள்ள இரண்டு பிரதிகளும் 41-இன் ஒரே பிரதியிலிருந்து இறங்கி வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. நல்ல குணம் நிலைப்பதும் இப்படித்தான், ஒளிந்திருக்கும் கோளாறு வெளியே வருவதும் இப்படித்தான். 41-இடம் ஒரு கெட்ட பிரதி மறைந்திருந்தால், அது மகளுக்குப் போயிருக்கப் பாதி வாய்ப்பு. போயிருந்தால் குஞ்சுகளில் நான்கில் ஒன்றுக்கு இரட்டையாக வந்து சேரும். மொத்தத்தில் எட்டில் ஒன்று, அதுவும் ஒரு கோளாறுக்கு மட்டும். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் ஏழு அழகான குஞ்சுகள் கண் முன்னால் நிற்கும்போது யார் கணக்குப் பார்ப்பது?

இரண்டாம் பருவம், பேத்தி ஜோடி. கெழு 37.5 ஆகிவிட்டது. 8 முட்டை வந்தது, ஒன்று கூழ்முட்டை. ஐந்தாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது மற்ற ஏழிலும் சிவப்பு நரம்புகள் வலை மாதிரி பரவியிருந்தன. நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் மூன்றில் வலை இல்லை, ஒரு மங்கலான வளையம்தான்; கரு செத்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்றில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப் போயிருந்தது. ஈரப்பதத்தைக் குறை சொன்னேன், தீனியோடு வைக்கும் கிரிட் கல்பொடியை மாற்றினேன், கூண்டு முழுக்க மருந்தடித்தேன். ஜோடியை மட்டும் சந்தேகிக்கவில்லை.

கடைசி அடையில் இரண்டும் பொரிந்தன. ஏழாம் நாள் வளையம் போட உட்கார்ந்தேன். முதலில் பொரிந்ததன் காலில் வளையம் நிற்கவில்லை, போடப் போட நழுவி விழுந்தது. ஒரு நாள் பிந்திப் பொரிந்த தம்பிக்கோ விரல்களைச் சேர்த்துப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வழக்கமாக மூத்ததுதான் பெரிதாக இருக்கும். சரி, தீனி எப்படியோ அதற்கே அதிகம் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் முள்ளிறகு வெடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பெரியது சிவப்பு! அப்பனும் நீலம், ஆத்தாளும் நீலம். புறாவில் சாம்பல் சிவப்பு நீலத்துக்கு மேலான நிறம், அது ஒளிந்திருக்காது. இரண்டு நீலத்துக்குச் சாம்பல் சிவப்புப் பிறக்கவே முடியாது. ஒடுங்கு சிவப்பு என்று இன்னொன்று உண்டு, அது நீல ஜோடியில் ஒளிந்து வரும். ஆனால் அதற்கு வால் வரை சிவப்பு ஏறும். இதன் வால் வெளிறிய சாம்பல், நுனியில் கறுப்புப் பட்டையும் இல்லை. அப்படியானால் அப்பன் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் சிவப்பு ஆண்தான். அது வெளியிலிருந்து வந்தது, 41-க்குச் சொந்தமில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிவப்புக் குஞ்சின் உடம்பில் 41-இன் ரத்தம் சராசரியாக 37.5 சதவீதம். கூடவே வளர்ந்த நீலத்தின் உட்கலப்புக் கெழுவும் அதே 37.5, ஆனால் அதன் உடம்பில் 41-இன் ரத்தம் 87.5. சிவப்பின் கெழு வெறும் பூஜ்யம். பலர் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உட்கலப்பு என்பது ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு தொடர்வதில்லை. எத்தனை தலைமுறை நெருக்கிய புறாவானாலும் சொந்தமில்லாத ஒன்றோடு சேர்த்தால், குஞ்சிலேயே கெழு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பெல்ஜியத்தில் ஆரன்டோங்க் ஊரில் பந்தயப் புறா வளர்த்துப் பேர் வாங்கிய ஜான்சன் சகோதரர்கள் தங்கள் புறாக் குடும்பத்தைப் பல பத்தாண்டுகள் நெருக்கமாகவே வைத்திருந்தார்கள். அதை வாங்கிப் போனவர்கள் பலர் தங்கள் புறாவோடு கலந்துதான் பறக்கவிட்டார்கள்.

ஒரு கூட்டை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 40 கிலோமீட்டர் பயிற்சியில் சிவப்பு கூட்டத்தோடு வந்து இறங்கியது. நீலம் மறுநாள் காலை தனியாக வந்து, தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போனது.

நீலத்தை இனிப் பறக்கவிடப் போவதில்லை. பெண்தான் என்று உறுதியானதும், சொந்தமில்லாத ஆணோடு சேர்க்கப் போகிறேன். இரண்டாவது முட்டை விழும்வரை ஜோடியைத் தனிப்பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். நோட்டில் முதல் பருவத்துப் பக்கங்களைத் திருப்பினேன். அந்த ஏழும் நீலம். அந்த மகளும் நீலம்தான். அப்போது கூண்டில் இன்னும் இரண்டு நீல ஆண்கள் இருந்தன. 'அப்பன்' என்ற கட்டத்தில் பேனாவால் எழுதிய 41-க்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.